முதல் ரைஃபிள்: ஸ்பிரிங் ஏர்கன், பிசிபி, கிளப் ரைஃபிள் – வேலூரில் இருப்பவருக்கு எது ஒத்துவரும்?

முழுப் பரீட்சை முடிந்த வாரத்திலேயே எங்கள் வீட்டுத் திண்ணைக்கு யாராவது ஒரு பையனோ பெண்ணோ அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வேலூருக்குத் தெற்கே, கணியம்பாடி பக்கத்து ஊர் எங்களுடையது. அருகில் இருக்கும் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள்; அங்கே பட்டாளத்தில் ஆள் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். அதனால் துப்பாக்கி என்றால் யாரைக் கேட்பது என்ற யோசனையே வருவதில்லை, ஓய்வுபெற்று வந்த எங்களைத்தான் கேட்கிறார்கள். "மாமா, துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகணும்னு சொல்றான். எதை வாங்கித் தரலாம்?"

பல வருடங்களாகத் திண்ணையில் சொல்லிவரும் பதிலை இங்கே எழுதி வைக்கிறேன். எந்த ரைஃபிள் என்பதை விலையும் பிராண்டும் முடிவு செய்யக்கூடாது. வாரத்தில் எத்தனை நாள், எத்தனை நேரம் அந்த ரைஃபிளுடன் நிற்க முடியும் என்பதுதான் முடிவு செய்யவேண்டும். வேலூரிலிருந்து பார்க்கும்போது இது இன்னும் முக்கியம். நல்ல ரேஞ்ச் நம் தெருமுனையில் இல்லை.

செமி-ஆட்டோமேட்டிக் வேண்டும் என்பவர்களுக்கு

பையன்கள் முதலில் கேட்பது இதைத்தான். "நீங்க பட்டாளத்துல வச்சிருந்தீங்களே, அத்த மாதிரி ஒண்ணு வாங்க முடியாதா?" நான் சேர்ந்தபோது கையில் கொடுத்தது 7.62 எஸ்.எல்.ஆர்., அதாவது செல்ஃப் லோடிங் ரைஃபிள். பெயரே சொல்கிறது, தானே குண்டு ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள். ட்ரிக்கரை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு போகும். வெடித்த வாயுவில் ஒரு பங்கு பிஸ்டனைத் தள்ளி, காலித் தோட்டாவை வெளியே எறிந்து, மேகஸினிலிருந்து அடுத்ததை ஏற்றும். மேகஸினில் 20 தோட்டா.

சாதாரணக் குடிமகன் ஒருவர் விளையாட்டுக்காக இதைப்போல் ஒன்றை வாங்கலாம் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடலாம். 2016 ஆயுத விதிகளில் செமி-ஆட்டோமேட்டிக் வகை கட்டுப்பாடு மிகுந்த பிரிவில் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து, போலீஸ் விசாரணை முடிந்ததும் வாங்கிவரும் பொருள் அல்ல அது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: ஒலிம்பிக்கில் நம்மவர்கள் பதக்கம் வாங்கும் ரைஃபிள் போட்டிகள் எல்லாமே ஒற்றைக் குண்டுப் போட்டிகள். 2008இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் வெண்கலம் வாங்கியதும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். ஒவ்வொரு குண்டையும் கையால் எடுத்து வைத்து, மூடி, குறி பார்த்துச் சுடவேண்டும். தானே ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளுக்கு அந்த ரேஞ்சில் இடமே இல்லை.

எனவே ஒப்பிடவேண்டியவை மூன்று: ஸ்பிரிங் ஏர்கன், அழுத்தக் காற்றுச் சிலிண்டர் உள்ள பிசிபி மேட்ச் ரைஃபிள், எதையும் வாங்காமல் கிளப்பின் ரைஃபிள்.

எதை வைத்து அளப்பது

சட்டம் முதலில். குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்குள், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. போட்டிக்கான 10 மீட்டர் ரைஃபிள் ஏறக்குறைய 7.5 ஜூல்தான். ஆகவே 'பவர் அதிகம்' என்று கடையில் சொல்லும்போது மயங்கவேண்டாம். காகிதத்தில் ஓட்டை போடப் பவர் எதற்கு? 5.5 மி.மீ. ஒன்றை யாராவது தள்ளிவிடப் பார்த்தால் அது உரிமம் கேட்கும் பொருள், தொடவேண்டாம். அடையாளச் சான்று கொடுத்து வாங்குங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்து, உலர்ப் பயிற்சி, அதாவது குண்டே இல்லாமல் நின்று, பிடித்து, குறி வைத்து, ட்ரிக்கரை அழுத்திப் பழகுவது. பட்டாளத்தில் ஒரு ரவுண்டு சுடுவதற்கு முன் எத்தனை நாள் வெறும் ரைஃபிளோடு தரையில் கிடந்தோம் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ரைஃபிள் இதற்கு இடம் கொடுக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

மூன்றாவது, ரிப்பேர். ஒரு வாஷர் போனால் எங்கே கிடைக்கும், எத்தனை நாள் ரைஃபிள் சும்மா கிடக்கும்?

நான்காவது, வாங்கிய பிறகு ஆகும் செலவு. இதைத்தான் யாரும் கணக்குப் போடுவதில்லை. வாரம் மூன்று நாள், நாளுக்கு 60 குண்டு, கொஞ்சம் சரிபார்ப்புக் குண்டுகள் என்றால் வாரத்துக்கு 200. வருடத்துக்கு 10,000. மேட்ச் குண்டு 500 கொண்ட டப்பாவாக வருகிறது, ஆக வருடத்துக்கு 20 டப்பா. ரைஃபிள் எதுவானாலும் இந்தச் செலவு மாறாது.

கடைசியாக, சுடுபவரின் வயதும் உடம்பும்.

ஸ்பிரிங் ஏர்கன்

குழலை மடக்கியோ, அடியில் உள்ள லீவரை இழுத்தோ ஸ்பிரிங்கை அழுத்தி வைப்போம். ட்ரிக்கர் விட்டதும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னே தள்ளும், பிஸ்டன் காற்றை நெருக்கும், காற்று குண்டைத் தள்ளும். சிலிண்டர், பம்ப் எதுவும் வேண்டாம். இந்தியத் தயாரிப்புகள் சில ஆயிரம் ரூபாயிலேயே தொடங்குகின்றன. நம் வீட்டு வரவு செலவுக்கு இது பெரிய விஷயம், அதை மறுக்கமாட்டேன்.

ஆனால் இது லேசான ஆயுதம் என்று நினைத்தால் தவறு. பட்டாளத்திலும் என்.சி.சி.யிலும் ஒரே பாடம்தான்: மஸ்பூத் பகட், துருஸ்த் ஷிஸ்த், துருஸ்த் ட்ரிக்கர் ஆபரேஷன். இறுக்கமான பிடி, சரியான குறி, சரியான ட்ரிக்கர். அக்கா மகனுக்கு வாங்கிய ஏர்கனை நான் முதல்முறை எடுத்தபோது அதே பாடத்தின்படி தோளில் அழுத்தி இறுக்கிப் பிடித்தேன். 10 மீட்டரில் ஐந்து குண்டு. அட்டையில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. ரைஃபிளில்தான் கோளாறு என்று நினைத்து ஸ்குரூ எல்லாம் முடுக்கினேன். மாற்றமில்லை. பிறகுதான் புரிந்தது: குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே உள்ளே பிஸ்டன் ஓடி மோதிவிடுகிறது. ரைஃபிள் முதலில் பின்னால், உடனே முன்னால் என்று இரண்டு முறை குலுங்குகிறது. இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் நம் கையின் இறுக்கம் கொஞ்சம் மாறும், குலுக்கலும் மாறும், குண்டும் வேறு இடம் போகும். இடக்கையைத் திறந்து உள்ளங்கையில் சும்மா படுக்க வைத்தேன், தோளில் தொட்டும் தொடாமலும் வைத்தேன். அடுத்த ஐந்தும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கின. இருபது வருடப் பழக்கத்தை அன்று மாற்றிக்கொண்டேன். ஸ்பிரிங் ரைஃபிளுக்குப் பிடி தளர்வாக இருக்கவேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கவேண்டும்.

இதில் மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்கிறேன்.

குண்டு போடாமல் சுடக்கூடாது. குண்டு இருந்தால்தான் முன்னே காற்று மெத்தைபோல் நின்று பிஸ்டனைத் தாங்கும். இல்லாவிட்டால் பிஸ்டன் சுவரில் மோதுவதுபோல் மோதி வாஷரும் ஸ்பிரிங்கும் போய்விடும். ஆக, உலர்ப் பயிற்சி கிடையாது. ட்ரிக்கர் பழகவேண்டும் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டு செலவு. ஸ்பிரிங் ரைஃபிளின் பெரிய குறை இதுதான், ஆனால் வாங்குபவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது.

எண்ணெய் விஷயம். துப்பாக்கி என்றால் எண்ணெய் போடவேண்டும் என்று அக்கா மகன் தையல் மிஷின் எண்ணெயைக் காற்றுத் துளை வழியாகத் தாராளமாக விட்டுவிட்டான். அடுத்த குண்டுக்கு 'டம்' என்று ஒரு சத்தம், குழல் வாயில் நீலப் புகை. நெருக்கிய காற்றின் சூட்டில் எண்ணெய் டீசல் இஞ்சின்போல் பற்றிக்கொண்டது. வாஷர் கருகியது. அழுத்த அறைக்குள் பெட்ரோலிய எண்ணெய் போகவே கூடாது. தேவைப்பட்டால் சிலிக்கான் எண்ணெய் ஒரு சொட்டு, அதுவும் மாதக்கணக்கில் ஒருமுறை. வெளிப்புற இரும்புக்கு மட்டும் மெல்லிய எண்ணெய்த் துணி. நம் ஊர் வியர்வையில் உப்பு அதிகம், கை பட்ட இடத்தில் மறுநாளே துரு தெரியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சொல்லவே வேண்டாம்.

மடக்கிய குழலைக் குண்டு வைக்கும்போது கையால் பிடித்தே வைத்திருக்கவேண்டும். தற்செயலாக ட்ரிக்கர் விடுபட்டால் குழல் மேலே பாயும், விரலை உடைக்கும். ஸ்பிரிங்கை அழுத்தியபடி ராத்திரி முழுக்க வைக்கவும் கூடாது, பலம் குறைந்துவிடும். ஸ்டாக் எனும் கட்டையின் ஸ்குரூக்களை, சுடத் தொடங்கும் முன் ஒவ்வொரு முறையும் தொட்டுப் பாருங்கள், குலுக்கலில் தளரும். சாதாரண டெலஸ்கோப் மாட்டினால் அதுவும் இந்த இரட்டைக் குலுக்கலில் உள்ளே உடைந்துபோகும்.

இவ்வளவு சொன்னாலும் ஸ்பிரிங் சரியாக இருக்கும் இடங்கள் உண்டு. பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் ஓப்பன் சைட் (திறந்த பள்ளம் வழியாகக் குறி பார்ப்பது) என்றும் பீப் சைட் (சிறு துளை வழியாகக் குறி பார்ப்பது) என்றும் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. ஓப்பன் சைட்டில் தொடங்கும் பிள்ளைக்கு நல்ல ஸ்பிரிங் ரைஃபிள் போதும். பிள்ளைக்கு இதில் உண்மையில் ஆசை இருக்கிறதா, இரண்டு மாதத்தில் கிரிக்கெட்டுக்குத் திரும்பிவிடுவானா என்று தெரியாத வீட்டுக்கும் இதுவே பொருத்தம். ஸ்பிரிங்கில் தளர்ந்த பிடியோடு, குண்டு போன பிறகும் அசையாமல் நிற்கக் கற்றவன் வேறு எந்த ரைஃபிளையும் சுடுவான்.

பிசிபி மேட்ச் ரைஃபிள்

குழலுக்கு அடியில் ஒரு சிறு சிலிண்டர், அதில் சுமார் 200 பார் அழுத்தத்தில் காற்று. ட்ரிக்கர் விட்டால் அளந்த அளவு காற்று மட்டும் வால்வு வழியே வந்து குண்டைத் தள்ளும். குலுக்கல் கிட்டத்தட்ட இல்லை. ட்ரிக்கர் ஒரு மூச்சுக்கு அசையும். பெரும்பாலான மேட்ச் ரைஃபிள்களில் காற்று செலவாகாமல் ட்ரிக்கரை மட்டும் பழகும் வசதி உண்டு. வீட்டுக் கூடத்தில், சுவரில் ஒரு கரும்புள்ளியை ஒட்டி, குண்டே இல்லாமல் தினம் அரை மணி நேரம் நின்று பழகலாம். மேலே இரண்டாவதாகச் சொன்ன அளவுகோலில் இது மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஆன்ஷுட்ஸ், ஸ்டெய்ர் என்று ரேஞ்சில் கேட்கும் பெயர்கள் எல்லாம் இறக்குமதி. விலை லட்சங்களில். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. விறைப்பான ஜாக்கெட், பேன்ட், காலணி, கையுறை எல்லாம் தனி. சித்திரை வெயிலில் அந்த ஜாக்கெட்டுக்குள் ஒன்றேகால் மணி நேரம் நின்று பாருங்கள், போட்டி என்றால் என்ன என்று தெரியும். 60 குண்டுக்கு 75 நிமிடம் என்பது விதி.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் வேலூரில் பெரிய தொல்லையும் ஆபத்தும் இங்கேதான். பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் 10 பார் அளவுக்குத்தான் தரும், 200 எங்கே, 10 எங்கே. கை பம்ப் இருக்கிறது. ஆள் வியர்த்துக் கொட்டும்வரை அடிக்கவேண்டும், நடுநடுவே ஆறவிடவேண்டும். நம் ஊர்க் காற்றின் ஈரம் உள்ளே போகாமல் இருக்க அதன் உலர்த்திப் பொதியை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சிலிண்டருக்குள் தண்ணீர் கோக்கும். கடலில் மூழ்குபவர்கள் முதுகில் மாட்டும் பெரிய சிலிண்டர் ஒன்றை நிரப்பி வைத்து அதிலிருந்து ஏற்றுவது சுலபம். ஆனால் அந்தப் பெரிய சிலிண்டரைச் சென்னைக்குக் கொண்டுபோய் நிரப்பிவர வேண்டியிருக்கலாம்.

இந்த இடத்தில்தான் ஒருவர் என்னிடம், "அண்ணே, நம்ம ஊர்ல ஆக்ஸிஜன் சிலிண்டருக்கா பஞ்சம்?" என்று கேட்டார். ஆஸ்பத்திரி ஊர், வெல்டிங் பட்டறைகள் நிறைந்த ஊர், நியாயமான கேள்விபோல்தான் தெரியும். ஆக்ஸிஜனை ஒருபோதும் ஏற்றக்கூடாது. அழுத்தம் நிறைந்த ஆக்ஸிஜன், உள்ளே வாஷரிலோ வால்விலோ இருக்கும் துளி எண்ணெயைத் தொட்டால் போதும், வெடிக்கும். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துச் சுடும் பொருள் அது. உலர்ந்த காற்று மட்டுமே.

வெயில் இன்னொன்று. 27 டிகிரியில் 200 பார் நிரப்பிய சிலிண்டரைப் பூட்டிய காருக்குள் விட்டால், உள்ளே 60 டிகிரி ஆகும்போது அதே சிலிண்டரில் 222 பார் இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் காட்பாடி ஸ்டேஷன் வாசலில் காரை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். ரைஃபிள் உங்களோடு நிழலுக்கு வரட்டும். சிலிண்டர்மேல் உற்பத்தித் தேதியோ காலாவதித் தேதியோ பொறித்திருக்கும். பலவற்றுக்கு ஆயுள் உற்பத்தியிலிருந்து 10 வருடம். பழைய ரைஃபிள் மலிவாகக் கிடைக்கிறது என்றால் முதலில் பார்க்கவேண்டியது அந்தத் தேதியைத்தான். அது முடிந்திருந்தால் புதுச் சிலிண்டர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பராமரிப்பு, ஆச்சரியமாக, ஸ்பிரிங்கைவிடக் குறைவு. எஸ்.எல்.ஆரைச் சுட்டு வந்தால் புல்த்ரூவில் துணி கோத்து இழுத்து, கேஸ் பிளக், பிஸ்டன், ரெகுலேட்டர் எல்லாம் கழற்றிக் கரியைத் துடைத்து வைப்போம். செய்யாவிட்டால் அடுத்த முறை தோட்டா சிக்கும். ஏர் ரைஃபிளில் மருந்தும் கரியும் இல்லை. குழலுக்குள் இரும்புக் கம்பி விடவேண்டியதில்லை, விடவும் கூடாது. சில நூறு குண்டுக்கு ஒருமுறை கம்பளிக் குண்டு இரண்டு மூன்றைப் பின்பக்கத்திலிருந்து முன்னே தள்ளினால் போதும். மாதம் ஒருமுறை, ராத்திரி அழுத்தமானியைப் பார்த்துக் குறித்துவைத்து, காலையில் மறுபடி பாருங்கள். முள் இறங்கியிருந்தால் எங்கோ ஓ-ரிங் கசிகிறது.

கசிந்தால்? எனக்குத் தெரிந்த கல்லூரி மாணவி ஒருத்திக்கு மாநிலப் போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது இப்படி ஆனது. காசு கணக்கில் பார்த்தால் ஒரு சின்ன ரப்பர் வளையம். அது வந்து சேர மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் குண்டில்லாப் பயிற்சி மட்டும் செய்தாள். பிசிபி வாங்கும் அன்றே ஓ-ரிங் செட் ஒன்றையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன்.

யாருக்கு இது சரி? ஒரு வருடமாவது வேறு ரைஃபிளில் தொடர்ந்து சுட்டவர். பீப் சைட்டில் மாநிலப் போட்டிக்குப் போகிறவர். வளர்ந்து முடிந்த உடம்பு உள்ளவர். ரைஃபிளின் எடை 5.5 கிலோவரை போகலாம். 12 வயதுப் பிள்ளை அதைத் தூக்கி நிற்க, முதுகை வளைத்து வளைத்து, அந்த வளைவே நிலையாகிவிடும். அதைப் பிறகு திருத்துவது கடினம்.

கிளப்பின் ரைஃபிள்

உறுப்பினர் கட்டணம் கட்டி, அவர்கள் ரைஃபிளில், அவர்கள் காற்றில், அவர்கள் ரேஞ்சில் சுடுவது. ரிப்பேர் நம் தலைவலி இல்லை. பக்கத்தில் பயிற்சியாளர் நின்று, தோளைத் தொட்டுத் திருத்துவார். இதற்கு விலையே கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கு ரைஃபிளைத் தாங்க ஸ்டாண்ட் வைத்துக் கொடுப்பார்கள்.

பெற்றோர் தெரிந்துகொள்ளவேண்டிய ஒன்று: எந்த ரைஃபிள் வாங்கினாலும் மாநிலப் போட்டிக்குப் போகவேண்டும் என்றால் கிளப் வழியாகத்தான் போகவேண்டும். கிளப், அதற்கு மேல் மாநிலச் சங்கம், அதற்கு மேல் தேசிய ரைஃபிள் சங்கம். வீட்டில் தனியாகச் சுட்டுக்கொண்டு நேரே மாநிலப் போட்டிக்குப் போக வழியில்லை. ஆகவே கிளப் செலவை 'ரைஃபிள் வாங்கினால் மிச்சம்' என்று கழித்துவிடாதீர்கள்.

குறை என்ன? தூரம், வரிசை, அளவு. பெரிய ரேஞ்ச் தேடி சென்னைக்குப் போனால் காட்பாடியிலிருந்து ரயிலில் சுமார் 130 கிலோமீட்டர், போக வர ஒரு முழு நாள். வாரம் ஒரு ஞாயிறு என்றால் வருடத்துக்கு 52 நாள், அதிலும் பரீட்சை, திருவிழா, கல்யாணம் போக 35 மிஞ்சும். வீட்டுக்கு அருகிலேயே சிறிய கிளப் இருந்தால் முதலில் அதைப் போய்ப் பாருங்கள். மூன்று ஏர் ரைஃபிளும் ஒழுங்கான பயிற்சியாளரும் இருந்தாலே அது நல்ல கிளப்.

கிளப் ரைஃபிளை நமக்கு முன் சுட்டவர் தன் உடம்புக்கு மாற்றி வைத்திருப்பார். நாம் மாற்றவேண்டும், நமக்குப் பின் வருபவர் மறுபடி மாற்றுவார். இதற்கு ஒரு வழி: உங்களுக்கு ஒத்துவரும் கட்டை நீளம், கன்னக்கட்டையின் உயரம், சைட் எண்கள் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். போனதும் முதல் ஐந்து நிமிடம் அதற்கு.

கல்லூரியில் என்.சி.சி. இருந்தால் அதையும் இதே கணக்கில் சேர்க்கலாம். .22 ரைஃபிளில் படுத்துச் சுடும் வாய்ப்பு செலவில்லாமல் கிடைக்கும். பலருக்கு அதுதான் முதல் தோட்டா.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஸ்பிரிங் | பிசிபி | கிளப் ரைஃபிள் |
|---|---|---|---|
| வாங்கும் செலவு | ஆயிரங்களில் | லட்சங்களில் | கட்டணம் மட்டும் |
| தொடர் செலவு | குண்டு, வாஷர், ஸ்பிரிங் | குண்டு, காற்று, ஓ-ரிங், சிலிண்டர் காலாவதி, உடுப்பு | குண்டு, ரயில், ஒரு முழு நாள் |
| குண்டில்லாப் பயிற்சி | கூடாது | தினமும் வீட்டில் | போகும் நாளில் மட்டும் |
| பிடி | தளர்வு, ஒரே மாதிரி | பொறுத்துக்கொள்ளும் | ரைஃபிளைப் பொறுத்தது |
| ரிப்பேர் | உள்ளூரில் ஓரளவு | காத்திருப்பு | கிளப்பின் பொறுப்பு |
| ஒத்துவரும் ஆள் | தொடங்குபவர், ஓப்பன் சைட் | ஒரு வருடம் நின்றவர் | சிறுவர், முடிவெடுக்காதவர் |

எதை எடுத்தாலும் முதல் மாதம்

ரைஃபிளை உடம்புக்கு ஏற்றதாக மாற்றுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் வைத்து, கன்னத்தைக் கட்டையில் சாய்த்துவிட்டுக் கண்ணைத் திறந்தால் சைட் நேரே எதிரில் இருக்கவேண்டும். கழுத்தை நீட்டியோ குனிந்தோ தேடினால் கன்னக்கட்டையோ நீளமோ சரியில்லை. அடுத்து, குறி வைத்த நிலையில் கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திறங்கள். ரைஃபிள் வலப்பக்கம் போயிருந்தால் கையால் இழுக்கவேண்டாம், கால்களை நகர்த்துங்கள்.

ஜீரோயிங்குக்கு (சைட்டைத் திருத்துவதற்கு) முன் குரூப்பிங் (குண்டுகளை ஓரிடத்தில் விழவைப்பது). ஐந்து குண்டும் ஓரிடத்தில் விழும்வரை சைட் திருகைத் தொடாதீர்கள். ஓரிடத்தில் விழத் தொடங்கியதும், குண்டு எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட்டை நகர்த்துங்கள். ஒரு குண்டு தள்ளிப் போனதும் ஓடிப்போய்த் திருகும் பழக்கம் பலரைக் கெடுத்திருக்கிறது.

முதல் வாரம் டார்கெட் அட்டையைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துச் சுடுங்கள். புள்ளியே இல்லாதபோது கவனம் சைட்டின்மேலும் ட்ரிக்கர்மேலும் நிற்கும். போட்டி அட்டையில் பத்தாவது வளையம் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. அதைத் தேட நிறைய நாள் இருக்கிறது.

வீட்டில் சுடுகிறவர்களுக்கு: வேலூரின் பழைய நீளவாக்கு வீடுகளில் ரேழியிலிருந்து பின்கட்டுவரை 10 மீட்டர் கிடைத்துவிடும். அந்தக் கோட்டில் திறக்கும் கதவு ஒவ்வொன்றுக்கும் உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் ரைஃபிளை எடுக்கவேண்டும். டார்கெட்டுக்குப் பின்னால் முன்சாய்வாக வைத்த தடித்த இரும்புத் தகடு உள்ள பெட்டி, அதற்குப் பின்னால் செங்கல் சுவர். மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர்மேல் அட்டை வைத்துச் சுடுவது கூடவே கூடாது. தப்பிய குண்டு சில நூறு மீட்டர் போகும், அடுத்த தெரு மாடியில் யாராவது துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார்கள். கண்ணாடி அணியுங்கள். குண்டு ஈயம், சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். காக்கை, கொக்கு, அணில் பக்கம் ரைஃபிளைத் திருப்பும் பிள்ளையிடமிருந்து அதை அன்றே வாங்கிப் பூட்டிவிடுங்கள். 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது என்பது இரண்டாவது காரணம்தான்.

திண்ணையில் வந்தவர்களுக்குச் சொன்ன பதில்

இந்த வருடம் இதுவரை மூன்று பேர் வந்தார்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், ஏர் ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர் என்று தெரிந்ததிலிருந்து தானும் சுடுவேன் என்கிறான். அவன் அப்பாவிடம், ஆறு மாதம் எதுவும் வாங்கவேண்டாம், கிளப்பில் ஸ்டாண்ட் வைத்துச் சுடட்டும் என்றேன். அணைக்கட்டு பக்கத்திலிருந்து வந்த பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குப் பள்ளிப் போட்டி, ஓப்பன் சைட், ரேஞ்சுக்கு மாதம் ஒருமுறைதான் போகமுடியும். அவளுக்கு ஸ்பிரிங், கூடவே நான்கு டப்பா குண்டும் ஒரு வாஷரும்.

மூன்றாமவர், சத்துவாச்சாரியில் சொந்தக் கடை வைத்திருப்பவர். மகனுக்கு நேரே பிசிபி வாங்கிவிடலாம், பணம் பிரச்சினையில்லை என்றார். பையன் இதுவரை எதையும் சுட்டதில்லை. என்னிடம் இருக்கும் பழைய ஸ்பிரிங் ரைஃபிளைக் கொடுத்து, தளர்ந்த பிடியில் ஐந்து குண்டும் ஒரு ரூபாய்க் காசுக்குள் விழும் அட்டையைக் கொண்டுவா, உன் அப்பாவோடு நானும் சென்னைக்கு வருகிறேன் என்றேன். போன ஞாயிறு ஒரு அட்டை கொண்டுவந்தான். நான்கு உள்ளே, ஒன்று வெளியே. திரும்பவும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.